திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

வந்த பொருள் சரியில்லை என்று சொன்னதும் விற்றவரிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "நீங்களே கூரியர்ல போட்டு அனுப்பிடுங்க, கைக்கு வந்ததும் பணத்தைப் போட்டுடுறோம்." பெரிய இணைய அங்காடிகள் ஆள் அனுப்பி வீட்டிலேயே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த பிக்-அப் எல்லா பின்கோடுகளுக்கும் கிடையாது. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் புடவை, கவரிங் நகை, பாத்திரம் விற்பவர்களிடம் அந்தப் பேச்சே இல்லை. சூரத்துக்கு ஒரு சுடிதாரைத் திருப்பி அனுப்ப என்ன ஆகும் என்று கூரியர் கடையில் விசாரித்ததுமே பலர் அதை பீரோவில் போட்டுவிடுகிறார்கள். விற்றவரின் கணக்கும் அதுதான்.

இந்த இடத்தில் நமக்குத் துணையாக ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 43. நிராகரிக்க உரிமையுள்ள ஒரு பொருளை வாங்கியவர் ஏற்க மறுத்தால், அதை விற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. 'ஏற்கவில்லை' என்று தெரிவித்தால் போதும். கேட்டது பச்சை, வந்தது நீலம்; கேட்டது பருத்தி, வந்தது பாலியஸ்டர்; பெட்டியைத் திறந்தால் உடைந்த மிக்ஸி. இவையெல்லாம் இதில் அடங்கும். வந்து எடுத்துக்கொண்டு போவது விற்றவர் வேலை.

ஒரு விலக்கு உண்டு. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தமே செல்லும். ஆகவே, ஆர்டர் போடும்போது யாரும் படிக்காத அந்த ரிட்டர்ன் விதிகளைப் படித்தே ஆக வேண்டும். இன்னொன்று, தாமதம். பொருளை வைத்துக்கொண்டு நியாயமான காலம் கடந்தும் பேசாமல் இருந்தால், அல்லது உடுத்தத் தொடங்கிவிட்டால், பிரிவு 42-இன்படி அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் பெட்டியைத் திறந்த அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். போனில் அரை மணி நேரம் சண்டை போட்டதற்கு மட்டும் எந்தச் சாட்சியும் இருக்காது.

பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறதே என்று தயங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள் ஒரு படி மேலே போய், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும், குறித்த நாளுக்குப் பிந்தி வந்த பொருளையும்கூட விற்பவர் மறுக்க முடியாது என்கின்றன. இயற்கைச் சீற்றம் போல அவர் கைமீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. என்றோ ஒருநாள் பழைய சைக்கிளை விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. தினமும் லைவ் போட்டுப் புடவை விற்பவருக்குப் பொருந்தும்.

பொருளில் குறை இல்லை, நமக்குத்தான் மனம் மாறிவிட்டது என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அங்கே கடையின் விதிதான் விதி, கூரியர் செலவு நம்முடையதுதான். இதில் விற்பவரைத் திட்டுவது நியாயமில்லை.

செலவே இல்லாமல் திருப்பி அனுப்பும் எளிய வழி, கையில் வாங்காமலே இருப்பது. தபால்காரரோ டெலிவரி தம்பியோ நீட்டும்போதே மறுத்துவிட்டால், 'பெறுநர் மறுத்தார்' என்ற குறிப்போடு அது அனுப்பியவரிடமே போய்விடும். பெட்டி நசுங்கியிருந்தாலோ, யாரும் ஆர்டர் செய்யாத கேஷ் ஆன் டெலிவரி பார்சல் வந்தாலோ இதைத்தான் செய்ய வேண்டும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில், "உங்க பையன் பேருக்கு வந்திருக்கு" என்றதும் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு, அதே பெட்டியில் 'திருப்பி அனுப்பவும்' என்று எழுதிக் கொடுத்தால் அது புதுப் பார்சல், புதுக் கட்டணம்.

சரி, வேறு வழியின்றி நாமே அனுப்ப வேண்டியிருக்கிறது. முதலில் எந்த முகவரிக்கு என்பதை விற்றவரிடமே எழுத்தில் வாங்குங்கள். பெட்டிமேல் இருக்கும் அனுப்புநர் முகவரி பல நேரங்களில் ஏதோ ஒரு கிடங்கு. அங்கே உங்கள் பார்சலைக் கேட்பாரற்றுப் போட்டுவிடுவார்கள். கூரியர் செலவைத் தருவார்களா, எவ்வளவு வரை என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். பழைய லேபிளையும் பார்கோடையும் கிழித்துவிடுங்கள். விட்டால் ஸ்கேன் செய்யும் இடத்தில் குழம்பி உங்கள் வீட்டுக்கே திரும்பி வர வாய்ப்புண்டு. ஆர்டர் எண் எழுதிய சீட்டு உள்ளே இருக்கட்டும். பொருளை உள்ளே வைத்து ஒட்டுவதை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். நம்மிடம் பிரிக்கும் வீடியோ கேட்பவர்களுக்கு நாம் கட்டும் வீடியோ காட்டுவதில் தப்பில்லை.

தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் நல்ல வழி. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் அதோடு இணைந்துவிட்டது. ரசீதில் எடை இருக்கும். "காலிப் பெட்டிதான் வந்தது" என்று பிறகு சொன்னால் அந்த எடைதான் உங்கள் பதில். விலை உயர்ந்த பொருளென்றால் இன்ஷூரன்ஸ் கேட்டுப் போடுங்கள். தனியார் கூரியரில் பெட்டி பெரிதாக இருந்தால் எடையைவிட அளவுக்குத்தான் காசு: நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்துக் கிலோ கணக்கு போடுவார்கள். லாரி பார்சல் ஆபீஸில் 'டூ பே' (பெறுபவரே கட்டணம் கட்டுவது) போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எதிர்முனையில் விற்றவர் எடுக்காவிட்டால் பொருள் நடுவில் கிடக்கும், தகராறு உங்களிடம் திரும்பும். பவர் பேங்க், சென்ட் பாட்டில் போன்றவற்றை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்; கவுன்டரில் மறைக்காதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்குள்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். கூரியர் நிறுவனத்தின் 'கஸ்டமர் கேர்' என்று இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணில் பேசினால், பிக்-அப் பதிவுக்கு 5 ரூபாய் கட்டச் சொல்லி லிங்க் வரும். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். 5 ரூபாய்க்குப் பின்னால் கணக்கே காலியாகும். பணம் திரும்பி வருவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பணம் வரவில்லையென்றால், இணைய வணிக நிறுவனம் பெயரோடு வெளியிட வேண்டிய குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பாதிப் புகார்கள் அந்த அழைப்போடு முடிந்துவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், ஆனால் செலவில்லாத முதல் படி அதுதான். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பொருளின் விலையோடு கூரியர் செலவையும் இழப்பீடாகக் கேளுங்கள்.

வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. கூரியர் ரசீது அத்தனை நாள் தாங்காது. தெர்மல் தாளில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.