காரைத் தூக்கும் யந்திரம்: வீட்டுக் கொட்டகைக்கு ஏற்றதைத் தெரிந்தெடுத்தல்

மோட்டார் காருக்கு உண்டாகும் கோளாறுகளில் பல அதன் அடிப்பாகத்தில் தோன்றுகின்றன. எண்ணெய்க் கசிவு, பிரேக் குழாயின் தேய்வு, சைலென்சர் குழாயில் துரு, ஸ்டீயரிங் மூட்டுகளின் தளர்ச்சி ஆகிய எதுவும் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவற்றைக் காண வேண்டுமாயின், ஒன்று மனிதன் காருக்கு அடியில் செல்ல வேண்டும். அல்லது கார் மனிதனுக்கு மேலே செல்ல வேண்டும். முதல் வழி மலிவானது. ஆனால் அபாயம் மிகுந்தது. இரண்டாவது வழிக்குப் பணமும் இடமும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே எதனை, எவ்வளவு தூரம் கைக்கொள்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகை சாதாரணமாகக் காணப்படுவது. தம் காரைத் தாமே பழுது பார்த்துக்கொள்வதைச் சிக்கனமாகவும் பொழுதுபோக்காகவும் கொண்டவர்கள் அங்கே பலர். ஆகவே, ஒரு காலத்தில் பெரிய பட்டறைகளில் மட்டுமே இருந்த தூக்கு யந்திரங்கள் இன்று அந்நாட்டின் வீட்டுக் கொட்டகைகளிலும் இடம் பெற்றுள்ளன. அங்கே கைக்கொள்ளப்படும் அளவுகளையும் விதிகளையும் அறிந்துகொள்வது எந்த நாட்டினருக்கும் பயன்படும். ஏனெனில் பாரத்தின் இயல்பும் இரும்பின் இயல்பும் எங்கும் ஒன்றே.

யந்திரம் வேலை செய்யும் விதம்

டென்னஸீ மாகாணத்து மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி என்பவர் 1925ஆம் ஆண்டில் கார்களுக்கான ஹைட்ராலிக் தூக்கு யந்திரத்தை அமைத்தார். நாவிதர் கடையில் ஏறி இறங்கும் நாற்காலியைக் கண்டே அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று சொல்வார்கள். இதன் அடிப்படைத் தத்துவம் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடங்களுக்கும் குறைவின்றிப் பரவும் என்பதே அது.

ஓர் உதாரணம் கூறுவோம். பம்பு எண்ணெயை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ வீதம் அழுத்துவதாகக் கொள்வோம். அந்த எண்ணெய் 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளினால் 1,500 கிலோ பாரத்தைத் தூக்கிவிடும். ஒரு நடுத்தரக் காரின் எடை ஏறக்குறைய அவ்வளவே. சிறிய மோட்டாரைக் கொண்டு பெரிய காரைத் தூக்கும் இரகசியம் இதுதான்.

இங்கே முக்கியமான ஓர் உண்மையை மனத்தில் பதிக்க வேண்டும். எண்ணெய் தூக்குவதற்கு ஏற்றது. தாங்கி நிற்பதற்கு ஏற்றதன்று. வாஷர் தேய்ந்தாலும் குழாய் வெடித்தாலும் பாரம் இறங்கிவிடும். ஆதலால் நல்ல யந்திரம் ஒவ்வொன்றிலும், தூக்கிய பின் பாரத்தை ஏற்றுக்கொள்ளும் இரும்புப் பூட்டுகள் இருக்கும். கார் அந்தப் பூட்டின்மேல் அமர்ந்த பிறகே ஒருவர் அடியில் செல்லலாம். பூட்டில்லாத யந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் அதனை விலக்குவதே அறிவுடைமை.

ஜாக்கியும் ஸ்டாண்டும்

தூக்கு யந்திரம் எல்லோருக்கும் அவசியமானதன்று. ஆண்டுக்கு ஓரிரு முறை எண்ணெய் மாற்றுவதும் சக்கரங்களைக் கழற்றி மாட்டுவதும் மட்டுமே வேலையாயின், ஒரு நல்ல தள்ளுஜாக்கியும் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளும் போதும். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின்மேல் இறக்க வேண்டும். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருத்தல் வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லையும் ஹாலோபிளாக் கல்லையும் அடுக்கி வைக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. அவை முன்னறிவிப்பு ஏதுமின்றித் திடீரென நொறுங்கக் கூடியவை. ஸ்டாண்டையும் தரம் பார்த்தே வாங்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரெய்ட் என்னும் வியாபார நிறுவனம் தான் விற்ற ஸ்டாண்டுகளில் சில வகைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் பற்கள் சரிவரப் பொருந்தாமல் பாரம் திடீரென இறங்கிவிடக் கூடும் என்பதே காரணம். அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்த ஒரு வகையும் பற்றவைப்புக் குறையினால் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. பெயர்பெற்ற கடையில் வாங்கிய பொருளையும் சோதித்த பின்பே நம்ப வேண்டும் என்பதற்கு இது சான்று.

லாரிப் பட்டறைகளில் உள்ளதைப் போலக் கொட்டகையில் பள்ளம் தோண்டிக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணக்கூடும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. அது பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டாலும் தீப்பற்றும். காற்றோட்டத்துக்குத் தகுந்த ஏற்பாடின்றி வீட்டில் பள்ளம் அமைப்பது தகாது.

மூன்று வகை யந்திரங்கள்

வீட்டு உபயோகத்துக்கு வரும் தூக்கு யந்திரங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இரண்டு தூண் யந்திரம். இரு பக்கமும் நிற்கும் தூண்களிலிருந்து நீளும் நான்கு கைகள் காரின் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்கும். நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்குவதால் பிரேக், ஸ்பிரிங், கியர்ப்பெட்டி ஆகிய எல்லா வேலைகளுக்கும் இதுவே மிகவும் வசதியானது. ஆனால் தூண்கள் தரையில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை. முழுப் பாரமும் அந்தத் தரையை நம்பியே நிற்கிறது.

இரண்டாவது, நான்கு தூண் யந்திரம். இதில் காரை இரண்டு நீண்ட பலகைகளின்மேல் ஓட்டி நிறுத்த வேண்டும். எண்ணெய் மாற்றுவதற்கும் சைலென்சர் வேலைக்கும் இது ஏற்றது. காரின் கீழே மற்றொரு காரை நிறுத்தி வைக்கவும் உதவும். சக்கரங்கள் பலகையின்மேல் அமர்ந்திருப்பதால், அவற்றைக் கழற்ற வேண்டுமாயின் இரு பலகைகளுக்கும் இடையே பொருந்தும் தனி ஜாக்கி ஒன்று தேவைப்படும். இவ்வகையில் பல, தரையில் பிணைக்கப்படாமலே நிற்கக் கூடியவை.

மூன்றாவது, கத்தரிக்கோல் போல் மடிந்து விரியும் யந்திரம். உயரம் குறைந்த கொட்டகைக்கு இது பொருத்தமானது. இரண்டடி முதல் நான்கடி வரை காரை உயர்த்தும். சக்கர வேலைக்கும் பிரேக் வேலைக்கும் நன்கு பயன்படும். ஆனால் இவற்றுள் பலவற்றில் யந்திரத்தின் உடலே காரின் நடுப்பகுதியை மறைத்துக்கொள்வதால், கியர்ப்பெட்டியை இறக்குவது கடினம்.

கூரையின் உயரம்

யந்திரம் வாங்குவோர் முதலில் அளக்க வேண்டியது கூரையையே. கணக்கு மிகவும் எளியது. கூரையின் உயரத்திலிருந்து காரின் உயரத்தையும், மேலே விட வேண்டிய இடைவெளியையும் கழித்தால், காரை எவ்வளவு தூக்கலாம் என்பது கிடைக்கும்.

கூரை 10 அடி, அதாவது 305 சென்டிமீட்டர் என்றும், கார் 150 சென்டிமீட்டர் உயரம் என்றும் கொள்வோம். மேலே 10 சென்டிமீட்டர் விட்டால் 145 சென்டிமீட்டர் மீதமாகும். அதன் கீழ் முக்காலியில் அமர்ந்து வேலை செய்யலாமேயன்றி நிமிர்ந்து நிற்க இயலாது. அமெரிக்க வீடுகள் பலவற்றில் உள்ளதுபோல் கூரை 8 அடி மட்டுமே எனில் 84 சென்டிமீட்டரே எஞ்சும். அங்கே கத்தரி வகையைத் தவிர வேறொன்றும் பயன் தராது.

ஒரு காரின்மேல் மற்றொரு காரை நிறுத்த விரும்புவோர், இரண்டு கார்களின் உயரத்தோடு பலகையின் கனத்தையும் இடைவெளியையும் கூட்ட வேண்டும். தலைக்கு 150 சென்டிமீட்டர் உயரமுள்ள இரு கார்களுக்குப் பலகை 15, இடைவெளி 10 சேர்த்து 325 சென்டிமீட்டர் தேவை. பத்தடிக் கூரை இதற்குப் போதாது.

இரண்டு தூண் யந்திரத்தில் குழாய்களும் கம்பிக் கயிறுகளும் தூண்களின் உச்சியில் குறுக்கே செல்லும் வகைக்கு ஏறத்தாழ 12 அடி உயரம் வேண்டும். அவை தரையோடு செல்லும் வகை ஒன்பதரை அடியளவில் அடங்கும். ஆனால் தரையின் குறுக்கே ஒரு தகடு மேடாக நிற்கும். மேலே தொங்கும் விளக்கு, மின்விசிறி, மேல்நோக்கித் திறக்கும் கதவின் தண்டவாளம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க மறத்தலாகாது.

தரையின் உறுதி

இரண்டு தூண் யந்திரத்துக்குத் தரையே உயிர். 10,000 பவுண்டு வகைக்குப் பொதுவாக நான்கு அங்குலத்துக்குக் குறையாத கனமும், சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 210 கிலோ, தாங்கும் உறுதியும் உள்ள கான்கிரீட் கோரப்படுகிறது. தயாரிப்பாளர் இதற்கு மேலும் கோரினால் அவர் சொல்வதே முடிவானது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டை 28 நாட்கள் இறுக விட்ட பின்பே துளையிட வேண்டும். தார்த் தரையிலும், ஓடு பதித்த மேற்பரப்பிலும், விரிசலுக்கு அருகிலும் போல்ட்டு இறக்குவது ஆகாது. அமெரிக்க வீடுகள் சிலவற்றில் தரைக்குள் முறுக்கேற்றிய எஃகுக் கம்பிகள் புதைக்கப்பட்டிருக்கும். அவற்றை அறியாமல் துளையிடுவது உயிருக்கே ஆபத்து.

தரையின் கனம் தெரியாவிடில் ஓரிடத்தில் சிறு துளையிட்டு அளந்து பார்ப்பதே முறை. ஊகத்தின்மேல் ஒன்றரை டன் பாரத்தை நிறுத்தி, அதன் அடியில் நிற்பது விவேகமாகாது.

பாரமும் மின்சாரமும்

யந்திரங்களின் சக்தி பெரும்பாலும் பவுண்டில் குறிக்கப்படும். 9,000 பவுண்டு என்பது ஏறத்தாழ 4,080 கிலோ; 10,000 பவுண்டு என்பது ஏறத்தாழ 4,540 கிலோ. 1,500 கிலோ காருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். பாரம் நான்கு கைகளிலும் சமமாகப் பகிரப்படுவதில்லை. எஞ்சின் முன்புறம் உள்ள காரில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்னே இருந்தால், முன்கை ஒவ்வொன்றும் 450 கிலோவும் பின்கை ஒவ்வொன்றும் 300 கிலோவும் தாங்கும். யந்திரத்தின் மொத்தச் சக்தியில் நான்கில் ஒரு பங்கே ஒரு கைக்கு உரியது என்பதை நினைவிற்கொண்டு, மிகக் கனமான பக்கத்தை வைத்தே கணக்கிட வேண்டும். மின்சாரக் கார்கள் பாட்டரியின் காரணமாக அதே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனமானவை. பாட்டரி அடித்தளத்திலேயே இருப்பதால், தயாரிப்பாளர் குறித்த இடங்களில் மட்டுமே கைகளைப் பொருத்த வேண்டும்.

யந்திரத்தின் மோட்டாருக்குத் தேவையான மின்சாரத்தையும் முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் பொதுவாக 120 வோல்ட்டு; தூக்கு யந்திரங்கள் பலவற்றுக்கு 220 வோல்ட்டுத் தனி இணைப்பு வேண்டும். அங்கே மின்னோட்டம் வினாடிக்கு 60 சுற்று. இந்தியாவில் 50 சுற்று, 230 வோல்ட்டு. அந்நாட்டு யந்திரத்தை இங்கே வரவழைப்போர் இரண்டு எண்களையும் மோட்டார் தகட்டில் பார்த்தறிய வேண்டும். வீட்டில் ஒரு பேஸ் இணைப்பே உள்ளவர்கள் மூன்று பேஸ் மோட்டாரை வாங்கிவிட்டுத் திகைக்க நேரிடக் கூடாது.

தரச் சான்றும் கையாளும் முறையும்

அமெரிக்காவில் 1945 முதல் மோட்டார் தூக்கு யந்திர நிலையம் என்னும் அமைப்பு இயங்கி வருகிறது. தயாரிப்பாளரைச் சாராத சோதனைச்சாலையில் தேர்வு பெற்ற மாதிரிகளுக்கே அதன் முத்திரை அளிக்கப்படுகிறது. ஐரோப்பாவிலும் இதற்கெனத் தனி விதி உண்டு. விலை குறைந்த யந்திரம் ஒன்றில் “விதிகளின்படி செய்யப்பட்டது” என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது; சோதித்தவர் யார் என்று கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் தேர்ந்தவரைக் கொண்டு கம்பிக் கயிறு, போல்ட்டு, பூட்டு ஆகியவற்றைப் பரிசோதிப்பதும் அங்கே விதியாக உள்ளது.

காரைத் தூக்கும்போது, சக்கரங்கள் தரையை விட்டுச் சில அங்குலம் எழும்பியதும் நிறுத்த வேண்டும். காரைக் கையால் அசைத்துப் பார்த்து, நான்கு கைகளும் உரிய இடத்தில் பற்றியுள்ளனவா என்று கண்ட பின்பே மேலே உயர்த்த வேண்டும். கியர்ப்பெட்டி போன்ற கனமான பாகத்தைக் கழற்றினால் காரின் சமநிலை மாறிவிடும். அப்போது உயர்ந்த ஸ்டாண்டுகளால் முட்டுக் கொடுத்தல் அவசியம். காருக்குள் எவரும் இருக்கக் கூடாது. சிறுவர்களை அருகில் விடலாகாது.

முடிவு

சுருங்கக் கூறின், எண்ணெய் மாற்றுபவருக்கு ஜாக்கியும் ஸ்டாண்டும் போதும். தாழ்ந்த கூரையின் கீழ் அடிக்கடி பிரேக் வேலை செய்பவருக்குக் கத்தரி வகை தகும். இரண்டு கார்களும் ஓரிடமும் உடையவருக்கு நான்கு தூண் யந்திரம் உதவும். உயர்ந்த கூரையும் உறுதியான தரையும் இடைவிடாத வேலையும் உள்ளவருக்கே இரண்டு தூண் யந்திரம் ஏற்றது. கூரை, தரை, பாரம், மின்சாரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பின்னரே விலையை விசாரிக்க வேண்டும். விலையை முதலில் விசாரிப்பவர், தம் கொட்டகைக்கு ஏலாத யந்திரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பார். பழுதான காரை மீண்டும் சரிசெய்துகொள்ளலாம். அதன் அடியில் சென்ற மனிதன் முழுதாக வெளிவர வேண்டும் என்பதே இவ்வளவு கணக்குக்கும் காரணம்.