பழைய ஜீப்பின் கருவிப் பை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். ஆனால் போடிமெட்டு ஏற்றத்தில் இரவு எட்டு மணிக்கு ஜீப்பின் பின் டயர் பஞ்சராகி நின்றுவிட்டால், எப்பேர்ப்பட்ட வல்லவனும் புல்லை வைத்து நட்டைக் கழற்ற முடியாது. வண்டியைத் தூக்க ஜாக்கி வேண்டும். நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் வேண்டும். காற்றடிக்கப் பம்ப் வேண்டும். அந்தக் காலத்தில் இவற்றையெல்லாம் வண்டி தயாரித்தவர்களே யோசித்து, தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே வரும்போதே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பையைப் பற்றியும், அதைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றியும் நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு இரயில்வேயில் சேர்ந்து, பணிமனைகளிலேயே காலம் கழித்து, ஓய்வுக்குப் பின் கொண்டாப்பூரில் குடியேறியவன் நான். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் பழைய நாணயம் சேர்க்கிறார்கள். நான் சேர்ப்பது பழைய ஜீப், லேண்ட் ரோவர், ஜோங்கா வண்டிகளோடு வந்த அசல் கருவிகளை. இத்தனைக்கும் என்னிடம் ஜீப் கிடையாது. "வண்டியே இல்லாதவருக்கு ஜாக்கி எதற்கு?" என்று என் மனைவி கேட்பது நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரையை அதற்கான பதிலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

பையில் என்ன இருந்தது?

நாம் ஜீப் என்று சொல்லும் வண்டி இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனி 'எம்.பி.' என்ற பெயரிலும், ஃபோர்டு கம்பெனி 'ஜி.பி.டபிள்யூ.' என்ற பெயரிலும் ஒரே அமைப்பில் 6 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்தன. பர்மாப் போர்முனைக்காக அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் வந்து இறங்கியவற்றில் பல, போர் முடிந்ததும் உபரிச் சாமானாக இங்கேயே விற்கப்பட்டன. பிறகு மஹிந்திரா கம்பெனி வில்லிஸோடு சேர்ந்து பம்பாயில் ஜீப் செய்யத் தொடங்கியது. உயரமான பானெட் கொண்ட சி.ஜே.3பி. என்ற மாடலைத்தான் நம்மில் பலர் ஊர்ப்பக்கம் பார்த்து வளர்ந்தோம். தாசில்தார் வந்ததும் அதில்தான், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்கள் போனதும் அதில்தான்.

போர்க்கால ஜீப்பில் என்னென்ன கருவி இருக்க வேண்டும், எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அமெரிக்க ராணுவம் 1944-இல் வெளியிட்ட டி.எம். 9-803 என்ற கையேட்டில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வண்டியின் பின்பக்க இரு மூலைகளிலும் மூடியோடு கூடிய இரண்டு பெட்டிகள். உள்ளே ஜாக்கி, வீல் ஸ்பேனர், கான்வாஸ் துணியில் தைத்த கருவிப் பை. பைக்குள் சுத்தியல், குறடு, திருப்புளி, வாயை அகட்டிச் சுருக்கும் எட்டு அங்குல ஸ்பேனர், ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனர், இரண்டு பக்கமும் வாய் உள்ள ஐந்து ஸ்பேனர்கள். டயர் பம்ப், கிரீஸ் கன், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஆகியவையும் உண்டு. எண்ணெய்க் குப்பி பானெட்டுக்குக் கீழே அதற்கென்று அடித்த பிடியில் இருக்கும். கோடரியும் மண்வாரியும் வண்டியின் இடப்பக்க வெளிச்சுவரில் வாரால் கட்டியிருக்கும். சேற்றில் புதைந்தால் மண்ணை வார ஒன்று, மரம் விழுந்து கிடந்தால் வெட்ட ஒன்று.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. இந்த வண்டியை அமைத்தவர்கள் ஓட்டுபவனை நம்பியிருக்கிறார்கள். பக்கத்தில் மெக்கானிக் இல்லை, எது கெட்டாலும் அவனே சரிசெய்துகொள்ளட்டும் என்று வழி செய்திருக்கிறார்கள். ஹெட்லைட்டைக் கூட ஒரு கீலில் மாட்டியிருப்பார்கள். பானெட்டைத் திறந்து விளக்கைப் பின்பக்கமாகத் திருப்பினால் வெளிச்சம் எஞ்சின் மேல் விழும். இருட்டில் வேலை செய்ய வேறு விளக்கு வேண்டியதில்லை.

கருவிக்குள் இருக்கும் படிப்பு

வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை. சாதாரண நட்டைக் கழற்றும் பக்கமாகத் திருப்பினால் இது இறுகும். சக்கரம் சுழலும் வேகத்தில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இது தெரியாதவர் வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து, போல்ட்டையே முறித்துவிடுவார். ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இப்படி ஒரு பாடம். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு வழுக்கிப் போகும். விரலை வளைத்துப் பிடித்தவருக்குக் கட்டைவிரல் போய்விடும். கருவி கையில் இருந்தால் இந்தப் பாடமும் அதோடு வரும். கருவி போனால் பாடமும் போகும்.

அளவிலும் கதை இருக்கிறது. அமெரிக்க ஜீப்பின் ஸ்பேனர்கள் அங்குலத்தில், நட்டின் இரு முகங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் குறிப்பவை. அந்த ஐந்து ஸ்பேனர்களில் 19/32, 25/32 என்ற அளவுகள் உண்டு. இன்று கடையில் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த லேண்ட் ரோவரின் ஆரம்ப கால வண்டிகளுக்குப் பிரிட்டிஷ் மரை. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் கனத்தைக் குறிக்கும். அரை அங்குலம் என்று எழுதியிருந்தாலும் அதன் வாய் ஏறக்குறைய 0.92 அங்குலம் இருக்கும். 1969 முதல் 1999 வரை ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் செய்த ஜோங்கா, ஜப்பான் நிஸான் பேட்ரோல் வண்டியின் அமைப்பு. அதற்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். ஆக, மூன்று வண்டிக்கும் மூன்று கணக்கு. மாற்றிப் போட்டால் நட்டின் முனை மழுங்கும். பழைய வண்டிகளில் உருண்டையாகிப் போன நட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், அசல் ஸ்பேனர் எப்போதோ தொலைந்துவிட்டது என்று புரிந்துகொள்வேன்.

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூ வரை பல பத்தாண்டுகள் பழைய லேண்ட் ரோவர்கள்தாம் ஆட்களை ஏற்றிச் சென்றன. அங்கே ஒவ்வொரு டிரைவரும் பாதி மெக்கானிக். அப்படிப்பட்ட பாதையில் கருவிப் பெட்டி ஸ்டெப்னியைப் போலவே வண்டியின் ஓர் உறுப்பு.

எங்கே போயின, எங்கே கிடைக்கின்றன?

இரயில்வே பணிமனையில் டூல் ரூமுக்குப் போனால் பித்தளை டோக்கனைக் கொடுத்துத்தான் ஸ்பேனர் வாங்க முடியும். மாலையில் ஸ்பேனர் திரும்பினால்தான் டோக்கன் திரும்பும். அதனால் கருவி தொலைவது அபூர்வம். ஜீப்புக்கு அப்படிக் காவல் இல்லை. கைமாறிய ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு குறைந்தது. வண்டி ஏலத்துக்கு வரும்போது பெரும்பாலும் பெட்டி காலி.

நம் ஹைதராபாத் இந்தத் தேடலுக்கு நல்ல ஊர். செகந்திராபாத் கண்டோன்மெண்ட் பெரியது. ராணுவத்தின் இ.எம்.இ. பயிற்சி மையமும் கல்லூரியும் இங்கேதான். அதனால் ராணுவச் சாமான்களுக்குப் பழகிய கண்களும் கைகளும் இந்த ஊரில் அதிகம். வியாழக்கிழமை கூடும் ஜுமேராத் பஜார், ஞாயிற்றுக்கிழமை எர்ரகட்டா சந்தை, ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகள் மூன்றும் என் வழக்கமான சுற்று. சென்னைக்குப் போனால் புதுப்பேட்டை.

ஜுமேராத் பஜாரில் ஒருமுறை சாக்கில் கொட்டி வைத்திருந்த ஸ்பேனர்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். "கியா தேக் ரஹே சாப்? லோஹாச் ஹை நா!" என்றார் கடைக்காரப் பெரியவர். என்ன பார்க்கிறீர்கள், இரும்புதானே என்று அர்த்தம். துருவுக்கு அடியில் ஃபோர்டு கம்பெனி தன் உருப்படிகளில் போடும் சாய்வெழுத்து 'எஃப்' தெரிந்தது. எடை போட்டுத்தான் கொடுத்தார். அதன் கதையைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. இப்போது எழுத்து உள்ள ஸ்பேனர் வந்தால் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார். விலையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். அது அவருக்கு உரியதுதான்.

அசலா, போலியா?

விலை உண்டு என்றால் போலியும் உண்டு. பார்க்க வேண்டியவை சில. பளபளவென்று குரோமியம் முலாம் பூசியதைப் போர்க்கால ஸ்பேனர் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். போரின்போது அமெரிக்காவில் குரோமியத்துக்கும் நிக்கலுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அப்போது வந்த கருவிகள் பெரும்பாலும் மங்கலாகவும் கருமையாகவும்தான் இருக்கும். அடுத்து, எழுத்தைப் பாருங்கள். காய்ச்சி அடிக்கும்போதே அச்சில் புடைத்து வந்த எழுத்தைப் பின்னால் சேர்ப்பது கடினம். குத்திப் பதித்த எழுத்தை யாரும் பதிக்கலாம். துருப்பள்ளம் உள்ள இடத்தில் எழுத்து மட்டும் கூர்மையாகப் புதிதாக இருந்தால் அது நேற்றைய வேலை. மூன்றாவதாக, தேய்மானம். உழைத்த ஸ்பேனரின் வாய்தான் முதலில் தேயும். கைப்பிடி தேய்ந்து வாய் மட்டும் புதிதாக இருந்தால் கணக்கு உதைக்கிறது.

புதிதாகச் செய்த நகல் கருவிகளை நான் குறை சொல்லமாட்டேன். வண்டியை ஓட்ட அவை நன்றாகவே உதவும். நகலை நகல் என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

கிடைத்த கருவியைச் சாணைக்கல்லில் பிடித்துப் பளபளப்பாக்குவது பெரிய கேடு. எழுத்தும் போய்விடும், பழைய பூச்சும் போய்விடும். மண்ணெண்ணெயில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். கான்வாஸ் பையைச் சோப்புப் போட்டுத் துவைக்காமல், நிழலில் உதறிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு கருவியை உள்ளே வைத்தால் பையும் மக்கும், இரும்பும் அரிக்கும்.

வீட்டுப் பரணைப் பாருங்கள்

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மல்காஜ்கிரியில் இருக்கும் நண்பர் ஒருவரின் தந்தையார் கம்பம் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். அவர் காலமானபின் பிள்ளைகள் பதினைந்து நாள் லீவில் போய் வீட்டையும் ஜீப்பையும் விற்றார்கள். பரணில் இருந்த கருவிப் பையும் வண்டியோடு வந்த கையேடும் காயலாங்கடைக்குப் போயின. அந்தக் கையேட்டின் ஓரங்களில் எந்த மாதம் எங்கே கிரீஸ் அடித்தது, எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் அப்பா தம் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாராம். நண்பர் அதைச் சொல்லும்போது ஜீப் போனதற்கு வருத்தப்படவில்லை. அந்தக் கையெழுத்து போனதற்குத்தான் வருத்தப்பட்டார். ஜீப்பை இன்றும் விலை கொடுத்து வாங்கலாம். அந்தக் கையேட்டை எங்கே வாங்குவது?

எனவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணையும் மாட்டுக்கொட்டில் மூலையையும் ஒருமுறை பாருங்கள். ஜீப்பாக இருக்க வேண்டியதில்லை. அம்பாசடர், புல்லட், பம்ப் செட் எஞ்சின் எதுவானாலும் அதனோடு வந்த கருவிகளையும் கையேட்டையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டி, எந்த வண்டிக்குரியது, யார் ஓட்டியது, எந்த ஆண்டு வாங்கியது என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். வண்டியை விற்றால் பையையும் சேர்த்தே கொடுங்கள். வைத்துக்கொள்வதானால் பிள்ளைகளை உட்காரவைத்து, எந்த ஸ்பேனர் எதற்கு என்று ஒரு மாலைப்பொழுது சொல்லிக் கொடுங்கள்.

கொண்டாப்பூரில் எங்கள் குடியிருப்பைச் சுற்றிலும் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்களில் மூன்று நான்கு பேர் பழைய ஜீப் வாங்கி ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பால்கனிக்கு வந்து அளவு பார்த்து ஸ்பேனர் வாங்கிப் போவார்கள். பித்தளை டோக்கன் இல்லை, நோட்டில் கையெழுத்து மட்டும்தான். இதுவரை ஒரு ஸ்பேனரும் திரும்பாமல் இருந்ததில்லை.