மேகக் கணிப்பொறியின் அளவைகளைக் கேட்டறிதல்

மழைமானி நிலையங்களில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவு எடுப்பது வழக்கம். மழை பெய்யாத நாளில் ஏட்டில் 'இல்லை' என்று எழுதப்படும். அளவு எடுக்கத் தவறிய நாளில் அவ்வாறு எழுதலாகாது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் களப்பணியாளர் யாவரும் அறிவர். வானத்து மேகத்துடன் பெயரளவில் மட்டுமே உறவு கொண்ட மற்றொரு 'மேகத்'திலும் இதே எச்சரிக்கை வேண்டப்படுகின்றது.

தொலைவிலுள்ள பெருங்கூடங்களில் இயங்கும் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுத்து உபயோகிப்பதே மேகக் கணிமை எனப்படுவது. அமேசான் நிறுவனம் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் இத்தகைய கூடங்களைத் திறந்தது. வாடகைக்கு எடுத்தவர் யந்திரத்தை நேரில் சென்று பார்ப்பதற்கில்லை. அதன் நிலையை அளவைகளைக் கொண்டே அறிதல் வேண்டும். இதற்காக அந்நிறுவனம் 2009 முதல் நடத்திவரும் சேவை 'கிளவுட்வாட்ச்' ஆகும். யந்திரத்தின் உழைப்பு முதலியன சாதாரணமாக 5 நிமிடத்திற்கு ஒருமுறையும், கூடுதல் கட்டணத்தின் பேரில் 1 நிமிடத்திற்கு ஒருமுறையும் அதில் பதிவாகின்றன.

அண்மைக்காலத்தில் இவ்வேட்டை மனிதர் மட்டுமன்றி, 'ஏஜென்ட்' எனப்படும் செயற்கை அறிவுப் பணியாளும் புரட்டிப் பார்க்கின்றது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொதுநெறி இதற்கு வழி செய்தது. ஏஜென்டின் கையில் ஒரு கருவி தரப்படுகின்றது. எந்த அளவை, எந்த யந்திரம், எந்நேரம் முதல் எந்நேரம் வரை, எத்தனை வினாடிக்கு ஒரு புள்ளி, எவ்வகைத் தொகுப்பு என்பனவற்றை அது குறிப்பிட்டுக் கேட்டால், விடை எண்களாகத் திரும்பி வருகின்றது. கேட்பது எளிது, தவறாகக் கேட்பது அதனினும் எளிது.

தேர்வு முடிவுகளை வெளியிடும் ஒரு வலைத்தளத்தை உதாரணமாகக் கொள்வோர்க்கு இது நன்கு விளங்கும். முடிவுகள் காலை 10 மணிக்கு வெளியாகின்றன. மாணவர் பலர் பக்கம் திறக்கவில்லை என்று முறையிடுகின்றனர். ஏஜென்ட் அந்த ஒரு மணி நேரத்தின் சராசரியைக் கேட்கின்றது. 5 நிமிடப் புள்ளிகள் 12; அவற்றுள் 11-இல் உழைப்பு 10 சதவிகிதம், ஒன்றில் மட்டும் 100 சதவிகிதம். சராசரி 17.5. யந்திரம் சும்மா இருக்கின்றது, இதனினும் சிறியதே போதும் என்று ஏஜென்ட் பரிந்துரைக்குமாயின், அடுத்த தேர்வு முடிவு நாளில் நேரும் இடர் அதிகமாகும். உச்ச அளவையும் சேர்த்துக் கேட்டிருப்பின் 100 என்னும் எண் உடனே வெளிப்பட்டிருக்கும். ஆண்டு மழையின் சராசரியைக் கொண்டு வெள்ளம் வந்த நாளை அறிய முடியாதது போன்றதே இது.

நேரமும் ஏமாற்றக்கூடியது. கிளவுட்வாட்ச் உலகப் பொது நேரத்தில் கணக்கு வைக்கின்றது. இந்திய நேரம் அதற்கு 5.30 மணி முந்தியது. காலை 10 மணி என்பதை அப்படியே எழுதிவிட்டால், மாணவர் நெருக்கடி ஓய்ந்த பிற்பகல் 3.30 மணியின் அளவுகளே கிடைக்கும். கேட்க வேண்டியது 4.30. வானிலைப் பணியாளர்க்கு இக்கழித்தல் புதிதன்று.

ஒருமுறை கேட்டால் 1,440 புள்ளிகளுக்கு மேல் கிடையாது. நிமிடக் கணக்கில் இது சரியாக ஒரு நாள். 5 நிமிடக் கணக்கில் 5 நாள். மணிக் கணக்கில் 60 நாள். பழைய ஏடும் என்றும் நுட்பமாக நிற்பதில்லை: நிமிடப் புள்ளிகள் 15 நாள், 5 நிமிடப் புள்ளிகள் 63 நாள், மணிப் புள்ளிகள் 455 நாள் வரையே கிடைக்கும். ஆகவே முறையீட்டை ஆராய்வதில் தாமதம் கூடாது. புள்ளிகள் கால வரிசைப்படி வரும் என்பதற்கும் உறுதியில்லை. வரிசைப்படுத்திய பின்னரே ஏற்றத் தாழ்வைப் பேச வேண்டும்.

சராசரிகளைச் சராசரி செய்வது பள்ளிக் கணக்கிலேயே கண்டிக்கப்படும் பிழை. 10 கோரிக்கைகள் சராசரி 4 வினாடியிலும், அடுத்த 90 கோரிக்கைகள் சராசரி 1 வினாடியிலும் முடிந்தால், மொத்தச் சராசரி 2.5 அன்று, 1.3 வினாடியே. எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் கேட்டு வாங்கினால் இப்பிழைக்கு இடமில்லை.

யந்திரத்தின் நினைவக உபயோகத்தை இச்சேவை தானாகப் பதிவதில்லை. அதற்குத் தனி மென்பொருளை நிறுவ வேண்டும். நிறுவாத யந்திரத்தைப் பற்றி வினவினால் வெறும் பட்டியலே திரும்பும். அதனைப் பூஜ்யம் என்று படித்து 'குறையில்லை' என அறிக்கை தரும் ஏஜென்ட், அளவு எடுக்காத நாளில் மழையில்லை என்று எழுதியவரை ஒத்தது. இக்காரணங்களால், கருவியைத் தருவோர் அளவைகளைப் படிக்கும் அனுமதியை மட்டுமே ஏஜென்டுக்கு வழங்கி, யந்திரத்தை நிறுத்தவும் மாற்றவும் உள்ள அதிகாரத்தைப் பொறுப்பாளரிடமே வைத்துக்கொள்வது பொருத்தமாகும்.