அழிக்க அழிக்கத் தேயும் சில்லு!

கார் நன்றாக ஓடும். ஆனால், பின்னால் போகக் கியரைப் போட்டால் திரையில் படம் வராது!

அமெரிக்காவில் 'டெஸ்லா' மின்சாரக் கார்கள் சிலவற்றில் இந்தக் கோளாறு. 2021-ம் ஆண்டில் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது.

குற்றவாளி யார்? கட்டை விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லு! 'பிளாஷ்' நினைவகம் என்று பெயர். செல்போனில் படங்களைச் சேர்த்து வைப்பதும் இதே வகைதான்.

இதில் எழுதிய இடத்தில் மறுபடி எழுத, முதலில் அழிக்க வேண்டும். ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. ஒரு கட்டம் முழுவதும் அழியும். ரப்பரால் அழித்த நோட்டுத் தாள் போல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். அந்தக் கார்ச் சில்லு தாங்குவது 3 ஆயிரம் தடவை. ஓயாமல் குறிப்பு எழுதி, அழித்து, எழுதி... 5, 6 ஆண்டுகளில் ஆயுள் முடிந்தது!

எழுதுவதைக் குறைப்பது ஒரு வழி. வீணாக அழிக்காமல் இருப்பது இன்னொரு வழி.

சில்லை ஏவும் நிரலுக்கும் 'டிரைவர்' என்றுதான் பெயர்! கெட்டிக்கார டிரைவர், அழிக்கும் முன் படித்துப் பார்க்கும். கட்டம் ஏற்கனவே வெறுமையாக இருந்தால் கை வைக்காது. அவசர டிரைவரோ வெற்றுத் தாளையும் தேய்க்கும். ஆயுளில் ஒரு தடவை வீண்!

ஆனால், பார்வையை மட்டும் நம்பக் கூடாது. அழிக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால், அரைகுறையாக அழிந்த கட்டமும் வெறுமையாகத் தோன்றலாம். அதில் எழுதினால் தகவல் கெட்டுப்போகும். அதனால் சில நிரல்கள், அழித்து முடித்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு குறி போட்டு வைக்கின்றன. குறி இல்லாத வெற்றுக் கட்டத்தை மட்டும் மறுபடி அழிக்கின்றன.