என்ஜின் சூடானதும் "டொக், டொக்" சத்தம்!

காரை ஓட்டலாமா? நிறுத்த வேண்டுமா?

நல்ல வெயில். பகல் 12 மணி.

சாத்தூரில் இருந்து ஏழாயிரம்பண்ணை பக்கமாக ஒரு பழைய வாடகைக் கார் போய்க்கொண்டு இருந்தது. காருக்குள் இரண்டே பேர். ஒருவர் டிரைவர். இன்னொருவர், இதை எழுதுகிற நான்.

போக வேண்டிய ஊர், அச்சங்குளம்.

இந்த ஊரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டு இருப்பீர்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, இங்கே ஒரு பட்டாசு ஆலையில் பெரிய வெடி விபத்து நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

புறப்பட்டபோது கார் ஒழுங்காகத்தான் ஓடியது. சுமார் அரை மணி நேரம் கழிந்தது. திடீர் என்று ஒரு சத்தம்.

"டொக், டொக், டொக்!"

பூட்டிய அறைக்குள் இருந்து யாரோ சுத்தியலால் தட்டுவது போல இருந்தது.

டிரைவர் காரை ஒரு வேலிக்கருவை நிழலில் ஓரம் கட்டினார். என்ஜினை அணைத்தார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே, அண்ணாச்சி! மெதுவாகப் போய்விடலாமே?" என்றேன்.

"வேண்டாம் சார். காலையில் கேட்கிற சத்தம் என்றால் ஓட்டலாம். இது சூடான பிறகு வருகிற சத்தம். ஓட்டினால் என்ஜின் போய்விடும்" என்றார் அவர்.

சூடான பிறகு வந்தால் என்ன? அதில் அப்படி என்ன வித்தியாசம்?

காலைச் சத்தம்

காலையில் என்ஜின் குளிர்ந்து கிடக்கும். அப்போது "கட கட" என்று ஒரு சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவது உண்டு. தேய்ந்த பிஸ்டன், சிலிண்டர் சுவரில் இடிக்கும் சத்தம் அது.

பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. பழைய கார்களில் சிலிண்டர் வார்ப்பு இரும்பு. சூடு பட்டால் அலுமினியம், இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறைகிறது. சத்தமும் நிற்கிறது. இதற்காக உடனே பயப்பட வேண்டியது இல்லை.

சூடு ஏற ஏற வளருகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் ஆபத்தானது!

ஆயில் தண்ணீர் ஆகிறது

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதோடு சேர்ந்த கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாப்டைச் சுழற்றுகிறது. ராடும் கிராங்கும் சேரும் இடத்தில் பேரிங் இருக்கிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் கனம் கூட இராது. அதில் ஆயில் ஒரு மெல்லிய ஏடு போல நிற்கிறது. இரும்பும் இரும்பும் தொடாமல் காப்பது அந்த ஏடுதான். கிராங்க், நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு வினாடிக்கு 50 சுற்று ஆகிறது. அத்தனை அடியையும் தாங்குவது அந்த ஏடு!

குளிர்ந்த ஆயில் பாகு போல இருக்கும். 40 டிகிரி சூட்டில் இருக்கிற கெட்டித்தன்மை, 100 டிகிரி சூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நல்ல பேரிங் என்றால் அந்த இளகிய ஆயிலே போதும். பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதாகி விட்டால் போதாது. ஆயில் வழிந்து ஓடிவிடும். ராடு கிராங்கை நேரே அடிக்கும். "டொக், டொக்" என்பது அந்த அடியின் சத்தம்.

அப்படியானால் ஏன் அரை மணி நேரம் கழித்து வந்தது? சூட்டைக் காட்டும் முள் பத்து நிமிஷத்துக்குள் நடுவில் வந்து நிற்கும். அது தண்ணீரின் சூடு. ஆயில் சூடாக இன்னும் வெகு நேரம் ஆகும். முள்ளைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. சூடான வண்டி நின்றபடி ஓடும்போது, ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கும். வேகம் கொடுத்தால் அணையும். ஆயில் பம்பைச் சுழற்றுவது என்ஜின்தான். என்ஜின் மெதுவாக ஓடினால் பம்பும் மெதுவாகத்தான் தள்ளும். "விளக்குதான் அணைந்துவிட்டதே" என்று பலர் ஓட்டிக்கொண்டே போகிறார்கள். பிறகு ராடு முறிந்து, என்ஜினின் பக்கத்தையே உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது!

மத்தாப்பும் வெடியும்

சூட்டில் வரும் சத்தம் எல்லாம் பேரிங் சத்தம் அல்ல. மேடு ஏறும்போது மட்டும், கண்ணாடிக் கோலியைக் குலுக்குவது போல "கிணிகிணி" என்று கேட்கும். இதைச் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம்.

சிலிண்டருக்குள் பெட்ரோல், கம்பி மத்தாப்பு போல எரிய வேண்டும். பிளக்கில் பற்றிய தீ, ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கத்துக்கு வரிசையாகப் பரவ வேண்டும். என்ஜின் அளவுக்கு மேல் சூடானால், தீ போய்ச் சேருவதற்கு முன்பே மிச்சம் உள்ள பெட்ரோல் தானாகவே ஒரே சமயத்தில் பற்றிக்கொள்கிறது. மத்தாப்பு, வெடியாக மாறிவிடுகிறது! உள்ளே கரி படிந்து இருந்தாலும், பிளக் முந்திப் பற்றினாலும் இதுதான் கதி.

அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற என்ஜினீயர் இந்தச் சத்தத்தை ஒழிக்கப் பாடுபட்டார். பெட்ரோலுக்குச் சிவப்புச் சாயம் போட்டால் சரியாகும் என்று நினைத்தார். சாயம் கிடைக்கவில்லை. அயோடினை ஊற்றினார். சத்தம் குறைந்தது! பிறகு வேறு சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்தது நிறம் அல்ல, அயோடின்!

தேடித் தேடிக் கடைசியில், 1921-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஈயம் கலந்த ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். சத்தம் நின்றது. ஆனால் ஈயம் விஷம் ஆயிற்றே! மிட்ஜ்லியே அதனால் நோயில் விழுந்தார். குழந்தைகளின் மூளையை அது கெடுத்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் ஈய பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஒரு சத்தத்தை அடக்க உலகம் கொடுத்த விலையைப் பாருங்கள்!

இப்போது வரும் கார்களில் இந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு என்றே ஒரு கருவி இருக்கிறது. "கிணி" என்றதும், பிளக் பற்றும் நேரத்தை அது தள்ளிப் போட வைக்கும். பேரிங் தேய்ந்ததற்கு அதனிடம் மருந்து கிடையாது.

காதில் ஸ்குரு டிரைவர்

டிரைவர் காரின் பானெட்டைத் தூக்கினார். ஐந்து நிமிஷம் பொறுத்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது ஆயில்!

டப்பாவில் இருந்த ஆயிலை ஊற்றினார். என்ஜினை ஒரே நிமிஷம் ஓட விட்டார். நீளமான ஸ்குரு டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்தார். கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டார். மேலே வைத்தார். அடியில் வைத்தார்.

"மேலே வால்வு பக்கம் இல்லை. அடியில்தான் தட்டுகிறது" என்றார்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். நீங்கள் இதைச் செய்ய வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால், வேட்டி நுனி, தாவணி, தலைப்பின்னல் எதுவும் விசிறி பக்கம் போகக் கூடாது. புதுக் கார்களில், என்ஜினை அணைத்த பிறகும் விசிறி தானாகச் சுழலும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிடும்.

இன்னொன்று. சூட்டில் வரும் சத்தத்துக்காக, மறுநாள் காலையில் ஆறிப்போன காரை மெக்கானிக்கிடம் கொண்டு போகிறார்கள். சத்தமே இராது. "ஒன்றும் இல்லை, எடுத்துப் போங்கள்" என்று சொல்லி விடுவார். சத்தம் எப்போது வந்தது, ஆயில் விளக்கு மினுக்கியதா என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். "கிளிகிளி", "கிணிகிணி" என்று கேட்கும் சில்லறைச் சத்தம் என்றால், அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, கார் சூடாகும் வரை ஓட்டிக் காட்டலாம். "டொக், டொக்" என்றால் ஓட்டியே காட்டக் கூடாது. கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

"இத்தனை கண்டிப்பு எதற்கு, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவ வலி என்று கூப்பிடுவார்கள். ஆலையில் தீ என்றும் கூப்பிட்டு இருக்கிறார்கள். அந்த நேரத்தில் வண்டி பாதி வழியில் நிற்கலாமா, சார்?" என்றார் அவர்.

எதிரே வந்த ஒரு "குட்டி யானை" வண்டியில் கயிறு கட்டி, காரைச் சாத்தூருக்கு இழுத்துப் போனார். நான் பஸ் ஏறி அச்சங்குளம் போனேன்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் விசாரித்தேன். ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்த்தார்களாம். மூன்றாவது சிலிண்டரின் பேரிங், மேல் பூச்சு போய்ச் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்து இருந்ததாம். கிராங்கில் ஒரு கீறல் கூட இல்லையாம். பேரிங்குகளை மட்டும் மாற்றினார்கள். அன்று சாயங்காலமே கார் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது.