‘பெண்டிங்’ மறையும் அந்த நொடி

கறுப்புத் திரையில் ஒரே சொல் அசையாமல் நிற்கிறது: ‘பெண்டிங்’.

கூகுள் கிளவுடில் மூன்று நோடுகள் கொண்ட குபெர்நெட்டிஸ் கிளஸ்டர். அதற்குள் ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன், மூன்று பாட்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியுலகத்துக்கு அதன் கதவைத் திறந்துவிட, சர்வீஸின் யாமல் கோப்பில் ‘டைப்’ என்ற இடத்தில் ‘லோட்பேலன்சர்’ என்று எழுதி அப்ளை கொடுத்தாச்சு. வெளி ஐபி வரவேண்டிய இடத்தில்தான் இந்தப் ‘பெண்டிங்’. எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இன்றும் இந்த நேரத்தில் எனக்கு இருப்புக்கொள்ளாது!

கொஞ்ச நேரம் போகிறது. சட்டென்று அந்தச் சொல் மறைந்து, ஒரு ஐபி முகவரி வந்து உட்காருகிறது. பிரவுசரில் போட்டால், அடடா, பக்கம் திறக்கிறது!

அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கன்ட்ரோலர் நம் வரியைப் படித்து, முகவரி வாங்கி, ஃபயர்வால் விதி எழுதி, ஹெல்த் செக் பொருத்தி, மூன்று நோடுகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டது. இத்தனையும் ‘லோட்பேலன்சர்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக.

வாருங்கள், இப்போது ஒரு பாக்கெட்டின் பின்னாலேயே போவோம். அது முதலில் போய்ச் சேருவது கூகுளின் லோட் பேலன்சரான மேக்லெவ்விடம். தனியாகச் செய்த விலையுயர்ந்த பெட்டி இல்லை இது. சாதாரண லினக்ஸ் சர்வர்களில் ஓடும் மென்பொருள். 2008 முதல் கூகுளின் சொந்தப் போக்குவரத்தையே சுமக்கிறது. உள்விவரத்தை 2016இல்தான் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே மேக்லெவ் என் குட்டி அப்ளிகேஷனுக்கும் வேலை செய்கிறது என்று நினைத்தாலே சிலிர்க்கிறது.

மேக்லெவ் ஒரு நோடைத் தேர்ந்தெடுத்து, பாக்கெட்டில் எழுதியுள்ள முகவரியை மாற்றாமல் அப்படியே சேர்த்துவிடும். அந்த நோடுக்குள்தான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஐபிடேபிள்ஸ் முறையில் ஓடும் கிளஸ்டர் என்றால், நோடுக்குள் நுழைந்து, இணைப்பு எந்தப் பாட்டுக்குப் போகும் என்று முடிவுசெய்யும் விதிகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். முதல் பாட்டுக்கான விதியில் ஓர் எண் இருக்கும்: 0.33333333349. இரண்டாவதில் 0.50000000000. மூன்றாவதில் எண்ணே இல்லை!

முதல் தடவை பார்த்தபோது, இரண்டாவது பாட்டுக்கு மட்டும் ஏன் பாதி என்று குழம்பினேன். பிறகு தாளில் எழுதிப் பார்த்தேன். வரும் இணைப்புகளில் மூன்றில் ஒன்று முதல் விதியில் விழும். மிச்சம் மூன்றில் இரண்டு. அதில் பாதி என்றால் மூன்றில் ஒன்றுதானே! மீதி அப்படியே மூன்றாவதுக்கு. மூவருக்கும் சமபங்கு. வரிசைமுறை கிடையாது, யார் கையில் எவ்வளவு வேலை என்ற விசாரணை கிடையாது, வெறும் சீட்டுக்குலுக்கல். அதுவும் ஓர் இணைப்புக்கு ஒரே முறை. அது முடியும்வரை அதே பாட்தான். இவ்வளவு எளிய கணக்கின் மேல் இவ்வளவு பெரிய உலகம் ஓடுகிறது!

ஒரு விஷயம் மட்டும் என்னைச் சுற்றவிட்டது. லாகில் பார்த்தால், வந்தவர்களின் ஐபி ஒன்றுகூட இல்லை. எல்லாம் என் நோடுகளின் முகவரிகள். நோடுக்கு வரும் இணைப்பு வேறு நோடில் உள்ள பாட்டுக்கும் போகலாம் என்பதால், பதில் சரியாகத் திரும்பிவர, நோடு தன் முகவரியைப் போட்டு அனுப்புகிறது. ‘எக்ஸ்டெர்னல் டிராஃபிக் பாலிசி’யை ‘லோக்கல்’ என்று மாற்றியதும் உண்மையான முகவரிகள் வந்துவிட்டன. பாட் இல்லாத நோடு ஹெல்த் செக்கில் தோற்று, தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. என்னைக் கேட்டால், வந்தவர் யார் என்று தெரியவேண்டிய எந்த அப்ளிகேஷனுக்கும் இதை முதல் நாளே வைத்துவிட வேண்டும்.

நீங்களும் ஒரு சோதனை கிளஸ்டரில் இதைச் செய்து பாருங்கள். பார்த்து முடித்ததும் முதலில் சர்வீஸை டெலிட் செய்யுங்கள், அப்புறம் கிளஸ்டரை. யாருமே வராவிட்டாலும் லோட் பேலன்சருக்கு மணிக்கணக்கில் பில் ஏறும்.