விமானி நினைவிழந்தால்

சிறு விமானங்களில் பெரும்பாலும் விமானி ஒருவரே இருப்பார். அவர் நினைவிழந்தால், பக்கத்து ஆசனத்திலுள்ள மனைவியோ கணவரோதான் விமானத்தைக் காக்கவேண்டும். இதற்கெனச் சிறு பயிற்சியொன்று அமெரிக்காவில் அளிக்கப்பட்டு வருகிறது.

முதற்பாடம் பதறாமை. நேராகப் பறக்குமாறு சீர்செய்யப்பட்ட விமானம், கைபடாமலே சிறிது நேரம் அவ்வாறே பறக்கும். அச்சத்தால் பிடியைப் பின்னுக்கு இழுப்பதே ஆபத்து. மூக்கு உயரும், வேகம் குன்றும், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். ஆகவே வேகமானியில் ஒரு கண் இருத்தல் வேண்டும். மயங்கியவரின் உடல் பிடியின்மேல் சாயாதவாறு, அவரை வாரினால் ஆசனத்தோடு இறுக்குவதும் அவசியம்.

அடுத்தது வானொலி. அவசர அலைவரிசை 121.5 மெகாஹெர்ட்ஸ். பித்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். அற்பமாகத் தோன்றும் இதனை மறந்தவருக்கு உதவிக்குரல் எட்டாது.

2012ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில், விமானத்தைச் செலுத்திய கணவர் வானிலேயே நினைவிழந்தார். உடனிருந்த மனைவிக்கு வயது 80. வேறொரு விமானத்தில் அருகே பறந்த விமானி வானொலி வழியாக வழிகாட்டினார். இறங்குமுன் ஓர் எஞ்சின் எரிபொருளின்றி நின்றது. எனினும் அம்மூதாட்டி விமானத்தைத் தரையிறக்கினார். கணவர் பிழைக்கவில்லை. சுமார் 30 ஆண்டுகட்கு முன் அவருடைய வற்புறுத்தலால் கற்ற சில பாடங்களே அம்மூதாட்டிக்கு அன்று கைகொடுத்தன.